இறுகிப்போன கிளட்ச் கேபிள்: எண்ணெய் விடுவதா, புதிது வாங்குவதா?

கேள்வி: எங்கள் தோட்ட வேலைக்கு 1990-களில் வாங்கிய மாருதி ஜிப்ஸி ஒன்று இருக்கிறது. மழைக்காலம் முழுவதும் நின்றுவிட்டுப் பின்னர் எடுத்தபோது கிளட்ச் பெடல் மிகவும் இறுகியிருந்தது. மிதித்த பெடல் தானாக மேலே வரவும் இல்லை. எண்ணெய் விட்டால் போதும் என்கிறார் ஓட்டுநர். கேபிளை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். பொள்ளாச்சியில் ஒரு கடையில் நிறுவனப் பெட்டியில் ஒரு கேபிளும், பெயர் அச்சிடாத உறையில் அதன் பாதி விலைக்கும் குறைவாக இன்னொன்றும் காட்டினார்கள். எதை வாங்கலாம்?
– வாசகர், வால்பாறை

பதில்: வாங்குவதற்கு முன்பு, இறுகியிருப்பது கேபிள்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு, சரிசெய்யும் நட்டைத் தளர்த்தி, கியர்பாக்ஸ் பக்கம் உள்ள கிளட்ச் லீவரிலிருந்தும் பெடலிலிருந்தும் கேபிளின் இரு முனைகளையும் கழற்றச் சொல்லுங்கள். இப்போது பெடலைக் கையால் அசைத்தால் அது தடையின்றி ஆட வேண்டும். உள்கம்பியை இரு பக்கமும் மாறி மாறி இழுத்தால் அது உறைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கம்பி நன்றாக ஓடி, பெடல் மட்டும் இறுகியிருந்தால் கோளாறு பெடல் தண்டின் புஷ்ஷில், அதாவது தண்டு ஆடும் சிறு வளையத்தில் இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தால் கிளட்ச் லீவரின் தண்டையும், பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் கேபிளை மாற்றி, பணத்தைச் செலவழித்த பிறகும் பெடல் அப்படியே இருக்கும் வண்டிகள் பல.

கேபிள்தான் காரணம் என்றால், அது ஏன் இறுகியது என்பதையும் கேட்க வேண்டும். வெளியுறையில் விரிசலோ முனையில் கிழிந்த ரப்பர் மூடியோ இருந்தால் மழைநீர் உள்ளே இறங்கித் துருப்பிடித்திருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் இதுதான் வழக்கம். ஆனால் உறைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகியிருந்தால் காரணம் வேறு. எஞ்சினையும் சேசிஸையும் (வண்டியின் அடிச்சட்டம்) இணைக்கும் எர்த் வயர் அறுந்தோ துருவேறியோ இருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் பெரும் மின்னோட்டம் திரும்பிச் செல்ல வேறு வழியின்றிக் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் போன்ற மெல்லிய கம்பிகள் வழியாகப் பாய்ந்து அவற்றைச் சூடாக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியில் எத்தனை புதிய கேபிள் போட்டாலும் அதே கதிதான். ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மீட்டரில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், முதலில் எர்த் வயரை மாற்றுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

எண்ணெய் விட்டு விடுவிக்க முடியுமா என்றால், துரு லேசாக இருந்தால் முடியும். கேபிளை முழுவதும் கழற்றிச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, மேல் முனையில் சிறிய ரப்பர் குழாயை இறுகக் கட்டி, அதில் துரு இளக்கும் எண்ணெயை நிரப்பி இரவு முழுவதும் விடுங்கள். மறுநாள் கம்பியைக் கையால் மேலும் கீழும் இழுத்து, அடியில் வழியும் எண்ணெய் தெளிவாகும்வரை தொடருங்கள். பிளையரால் பிடித்து இழுத்தால் இழைகள் நசுங்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும் கேபிளைக் கைவிட வேண்டும். நிமிர்ந்து நிற்கும் அந்த முனை உட்குழாயை அறுத்துக்கொண்டே இருக்கும். இவ்வாறு விடுவித்த கேபிளைப் புதியது வரும்வரை வண்டியை நகர்த்த மட்டும் நம்பலாம் என்பதே என் கருத்து. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் சாலையில் நடுவழியில் கிளட்ச் கைவிட்டால் என்னவாகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிலேட்டர் கேபிள் இறுகினால் அந்தத் தற்காலிகச் சலுகையும் கூடாது. காலை எடுத்த பிறகும் எஞ்சின் வேகம் குறையாமல் போகும் ஆபத்து அதில் உண்டு.

பழைய கேபிளைக் கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள். 1985-இல் அறிமுகமான ஜிப்ஸி, இடையில் ஒரு லிட்டர் எஞ்சினிலிருந்து 1.3 லிட்டர் எஞ்சினுக்கு மாறியது. எனவே வண்டியின் மாடலையும் ஆண்டையும் சொல்லாமல் ‘ஜிப்ஸி கேபிள்’ என்று மட்டும் கேட்பது போதாது. வெளியுறையின் நீளம், அதற்கு வெளியே நீளும் கம்பியின் அளவு, முனைகளின் வடிவம், நட்டு ஏறும் மரையின் நீளம் ஆகிய நான்கையும் பழையதோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிறகு கேபிளை அகலமான வளையமாகப் பிடித்துக்கொண்டு கம்பியை இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது உரசினால் வேண்டாம். பெயரில்லாத உறையில் உள்ளதை நான் வாங்கமாட்டேன். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை உறையில் அச்சிடப்பட வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதி. அவை இல்லாத பொருள் பழுதானால் யாரிடம் போய்க் கேட்பது?

பொருத்தும்போது பழைய கேபிள் சென்ற பாதையிலேயே புதியதும் செல்ல வேண்டும்; கூர்மையாக வளையவோ சைலன்சர் குழாயைத் தொடவோ விடக் கூடாது. இறுதியாக, பெடலில் கையேடு சொல்லும் அளவுக்குத் தளர்வு வைக்கச் சொல்லுங்கள். தளர்வே இல்லாவிட்டால் கிளட்ச் வழுக்கித் தேயும். மிகுந்தால் கியர் விழும்போது கரகரக்கும்.

கேள்வி: பெட்டியில் என் ஜீப்பின் மாடல் அச்சிட்டிருந்தும், கேபிளின் முனை ஒரே வாரத்தில் கழன்றுவிட்டது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லில் இருப்பதைக் காட்டிக் கடைக்காரர் மறுக்கிறார்.
– வாசகர், கொடைக்கானல்

பதில்: அந்த வாசகம் பழுதுள்ள பொருளுக்குச் செல்லாது. பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்கப்படவில்லையென்றால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தவறான மாடலை நீங்களே கேட்டு வாங்கியிருந்தால் நிலைமை வேறு. உங்கள் விஷயம் அப்படியில்லை. கழன்ற முனை, பெட்டி, பில் ஆகியவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கடைக்காரருக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதற்குப் பிறகும் தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. பழுதான கேபிளை மட்டும் கடையில் விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். விட வேண்டிய நிலை வந்தால், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்ட சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.