விலை மலிவு என்றால் புகார் செய்ய முடியாதா?

கேள்வி: இணையத்தில் மலிவாக ஒரு பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் (நட்டைக் கழற்றி இறுக்கும் மின்கருவி) வாங்கினேன். விளம்பரத்திலும் பெட்டியிலும் '88 வோல்ட், 600 நியூட்டன் மீட்டர்' என்று இருந்தது. என் காரின் வீல் நட்டைக்கூட அது அசைக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "இந்த விலைக்கு இவ்வளவுதான் வரும்" என்கிறார் விற்றவர். வழக்குப் போடலாமா? மலிவானதை வாங்கியதே தவறா?

பதில்: விற்றவர் சொல்வதில் பாதி சரி. பொருளின் தரம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்கும்போது விலையும் கணக்கில் வரும். சத்தம் அதிகம், பிடி சொரசொரப்பு என்றால் நானே உங்களை வழக்குப் போட விடமாட்டேன். ஆனால் வர்ணனை, அதாவது விளம்பரத்திலும் பெட்டியிலும் சொன்னது, வேறு விஷயம். பல நாட்டுச் சட்டங்களுக்கு மூலமான 1893ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே, வர்ணித்து விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. மலிவாக விற்றேன் என்பது அதற்குப் பதில் ஆகாது.

உங்கள் பலம் 600 என்ற எண்ணில் இல்லை, 88இல் இருக்கிறது. 600 என்பது திருகு விசை (டார்க்); அது கழற்றும் விசையா, இறுக்கும் விசையா என்று அவர் வாதாடுவார். நட் துருப்பிடித்திருந்தது என்பார். வோல்ட்டில் அப்படி நழுவ முடியாது. இத்தகைய கருவிகளில் பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல்கள்தான் வரிசையாக இருக்கும். முழு சார்ஜில் செல்லுக்கு 4.2 வீதம் மொத்தம் 21 வோல்ட். பேட்டரியைப் பிரிக்காமல், முனைகளில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்து வீடியோ எடுங்கள். பிரித்தால் வாரண்டி போச்சு என்று அவருக்கு ஒரு சாக்கு கிடைக்கும்.

டார்க்குக்கும் ஒரு சோதனை உண்டு. சாதாரணக் கார்களின் வீல் நட் பெரும்பாலும் 100 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள்தான் இறுக்கப்படுகிறது. துருவில்லாத நட் ஒன்றை மெக்கானிக்கிடம், குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்சால் 120க்கு இறுக்கச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் (நீட்டிப்புத் தண்டு) போடாமல், முழு சார்ஜில் கழற்றிப் பாருங்கள். அப்போதும் அசையவில்லை என்றால், மெக்கானிக்கிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளை எண் மாறிவிடலாம். சோதனைக்கு மேல் கருவியைப் பயன்படுத்தாதீர்கள். பயன்படுத்திக்கொண்டே இருந்தால் ஏற்றுக்கொண்டீர்கள் என்றாகிவிடும். "வர்ணனைக்குப் பொருந்தவில்லை, நிராகரிக்கிறேன்" என்று எழுத்தில் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே பணம் வந்துவிடும். வராவிட்டால் உங்கள் நாட்டு நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம்; அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

மலிவானதை வாங்குவதில் தவறில்லை. எப்போதாவது டயர் மாற்றுபவருக்கு அது போதும். வோல்ட்டை ஊதிச் சொல்லாத விற்பனையாளரைப் பாருங்கள், அவ்வளவுதான். ஆனால் அதைக் கழற்ற மட்டும் வைத்துக்கொண்டு, கடைசி இறுக்கத்தை டார்க் ரெஞ்சால் முடியுங்கள். நட் கழன்று விபத்து நேர்ந்தால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வி எதைக் கொண்டு இறுக்கினீர்கள் என்பதாகத்தான் இருக்கும்.