அடி தெரியாத குளத்தில் பிள்ளைகளை இறக்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் 24 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருக்கிறோம். ஆழம் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 5 அடி. போர் தண்ணீர்தான். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்ததிலிருந்து தண்ணீர் கலங்கலாகவே கிடக்கிறது. ஒரு வாரத்தில் 3 கிலோ பிளீச்சிங் பவுடர் போட்டோம். இன்னும் வெளுத்துப் பால் போல ஆகிவிட்டது. பேத்திக்குக் கண் சிவக்கிறது, பேரனுக்கு நான்கு நாளாகக் காது வலி. "நாங்கள்லாம் குறுக்குத்துறை ஆத்துல முங்கி வளந்தவங்க, ஒண்ணும் ஆவாது" என்கிறார் என் கணவர். மாமியார் தேத்தாங்கொட்டை உரைத்து ஊற்றச் சொல்கிறார். பிள்ளைகளை இறக்கலாமா? தண்ணீரைத் தெளிய வைப்பது எப்படி?

மருத்துவர் பதில்:

இறக்க வேண்டாம் அம்மா. கிருமிக்காக மட்டும் சொல்லவில்லை. 5 அடிப் பக்கத்தில் ஒரு பிள்ளை மூழ்கினால் சத்தமே வராது. தண்ணீர் பால் போல இருந்தால் கரையில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியவும் செய்யாது. ஆழப் பக்கத்தின் அடியில் வடிகால் மூடி இருக்கும். கரையில் நின்று பார்த்தால் அதன் துளைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும். தெரியாத நாளில் பெரியவர்களும் இறங்கக் கூடாது.

உங்கள் கணவர் முங்கிய இடம் ஓடுகிற ஆறு. உங்கள் குளத்தில் நிற்பதோ அதே தண்ணீர், மாதக்கணக்கில். அதில் சேரும் வியர்வை, எண்ணெய், சிறுநீர் எல்லாம் அதிலேயே கிடக்கும். மோட்டாரும் ஃபில்டரும் குளோரினும் சேர்ந்துதான் அங்கே ஆற்றின் வேலையைச் செய்ய வேண்டும்.

இப்போது வெளுத்திருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் போட்ட பிளீச்சிங் பவுடரேதான். அதில் குளோரின் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. மீதியில் பெரும்பங்கு சுண்ணாம்பு. ஏற்கெனவே கடினமான போர் தண்ணீரில் கிலோ கணக்கில் சுண்ணாம்பைக் கொட்டினால் பி.எச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறி, கரைந்திருந்த கால்சியமும் தூளாக வெளியே வந்து மிதக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து இரண்டு ஸ்பூன் வினிகர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் தெளிந்தால் சுண்ணாம்பு. தெளியாமல் லேசாகப் பச்சை தட்டினால் பாசி. மறுநாள் காலை டம்ளர் அடியில் செம்மண் படிந்திருந்தால் வெறும் புழுதி. ஆனி, ஆடிக் காற்றில் நம் பக்கம் அது சகஜம்.

அளந்து பார்க்காமல் இனி எதையும் போடாதீர்கள். குளோரினை அளக்கும் கிட்களில், மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும், வேலை செய்து தீர்ந்துபோனதையும் சேர்த்து. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி வகை கிட் வாங்குங்கள். அது கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் தனிக் குளோரினைக் காட்டும். அது 1 முதல் 3 பி.பி.எம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), பி.எச் 7.2 முதல் 7.8 வரை இருக்க வேண்டும். இரண்டில் முதலில் பார்க்க வேண்டியது பி.எச். அது 7.5 ஆக இருந்தால் குளோரினில் பாதி வேலை செய்யும். 8 ஆகிவிட்டால் ஏறக்குறைய கால் பங்குதான். பலர் இது தெரியாமல் மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறார்கள்.

பி.எச் கூடியிருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் குறைக்க வேண்டும். உங்கள் குளம் ஏறக்குறைய 32,600 லிட்டர் பிடிக்கும். 30 சதவீத அமிலம் ஒரு தடவைக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம். பிளாஸ்டிக் வாளியில் முக்கால் பங்கு தண்ணீர் பிடித்துக்கொண்டு அதில் அமிலத்தை விடுங்கள். அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்துக் கண்ணில் விழும். கையுறையும் கண்ணாடியும் போட்டு, காற்று முதுகில் படும்படி நின்று, மோட்டார் ஓடும்போது ஆழப் பக்கத்தில் மெதுவாக ஊற்றுங்கள். 5 மணி நேரம் கழித்து அளந்து, தேவைப்பட்டால் இன்னொரு 500. போர் தண்ணீர் பிடிவாதமானது, இரண்டு மூன்று நாள் இழுக்கும். 7.2 - 7.4க்கு வந்ததும் வெள்ளையில் பெரும்பகுதி தானே கரைவதைப் பார்ப்பீர்கள். அமிலம் தொட்ட வாளியில் பிளீச்சிங் பவுடரோ குளோரின் மாத்திரையோ படவே கூடாது. உடனே குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைச் சுட்டுவிடும்.

அதற்குப் பிறகே குளோரின். பவுடரை விட்டுவிட்டு 10 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்கு மாறுங்கள். உங்கள் குளத்தில் 1 பி.பி.எம் ஏற்ற 330 மி.லி போதும். தனிக் குளோரின் பூஜ்யத்தில் கிடந்தால் ஒருமுறை 10 பி.பி.எம் வரை ஏற்றிவிடலாம். அதற்கு மூன்றேகால் லிட்டர். சூரியன் அடைந்த பிறகு ஊற்றுங்கள், வெயில் குளோரினைத் தின்றுவிடும். கேனையும் வெயிலில் வைக்காதீர்கள், சில வாரங்களில் பலம் போய்விடும். மறுபடி 3க்கு இறங்கும் வரை குளத்தைப் பூட்டி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் தெளியவில்லை என்றால் கோளாறு ஃபில்டரில். கலங்கல் தீரும் வரை மோட்டார் 24 மணி நேரமும் ஓட வேண்டும். சாதாரண நாளில் 6 முதல் 8 மணி நேரம். பிரஷர் கேஜில் சுத்தமான நிலையில் என்ன எண் காட்டியதோ அதைவிட 8, 10 பி.எஸ்.ஐ கூடினால் பேக்வாஷ் செய்ய வேண்டும், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓட்டி ஃபில்டர் மணலைக் கழுவ வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் உள்ளே இருக்கும் வாஷர் கிழியும், பிறகு அழுக்குத் தண்ணீர் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேராகக் குளத்துக்கே வரும். பார்வைக் கண்ணாடியில் தண்ணீர் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம் பேக்வாஷ், பிறகு ஒரு நிமிடம் ரின்ஸ். போர் தண்ணீர் ஃபில்டரில் இன்னொரு சங்கடம் உண்டு: சுண்ணாம்பு ஏறி மணல் பொரிவிளங்காய் உருண்டை போலக் கட்டிப்போகும். கட்டிகளுக்கு நடுவே தண்ணீர் வழி கண்டுபிடித்து ஓடிவிடும், ஒன்றும் வடிகட்டாது. மூடியைத் திறந்து கையால் அளைந்து பாருங்கள். கட்டியிருந்தால் மணலை மாற்றத்தான் வேண்டும்.

மிஞ்சிய மெல்லிய கலங்கலுக்குப் படிகாரம். தேத்தாங்கொட்டை பற்றி உங்கள் மாமியார் சொன்னதில் பழுதில்லை. பானையில் உரைத்தால் சேற்றைப் பிடித்து அடியில் இறக்கும். ஆனால் 32,000 லிட்டருக்கு எத்தனை கொட்டை உரைப்பது? அது கிருமியையும் கொல்லாது. படிகாரம் அதே வேலையைச் செய்யும்: உங்கள் குளத்துக்கு 1 கிலோ. வாளித் தண்ணீரில் முழுக்கக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றி, வால்வை ரீசர்குலேட்டில் (ஃபில்டருக்குள் போகாமல் சுற்றும் நிலை) வைத்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மணல் வழியாகப் போனால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். பிறகு மோட்டாரை நிறுத்தி இரவு முழுவதும் அசைக்காமல் விடுங்கள். காலையில் அடியில் வெள்ளைப் பஞ்சு விரித்தது போலப் படிந்திருக்கும். வால்வை வேஸ்ட்டில் (தண்ணீர் வெளியே போய்விடும் நிலை) வைத்து வேக்குவம் போட்டு அதை உறிஞ்சி எடுங்கள், தூங்குகிற பிள்ளை பக்கத்தில் நடப்பது போல மெதுவாக. வேகமாக இழுத்தால் மொத்தமும் எழும்பி இன்னொரு இரவு காத்திருக்க வேண்டும். படிகாரம் பி.எச்சை இறக்கும், மறுபடி அளந்துகொள்ளுங்கள்.

இதெல்லாம் செய்து தெளிந்தாலும் கோடையில் தினமும் தண்ணீர் குறையும். ஆவியாவது தண்ணீர்தான், கால்சியம் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் விடும் போர் தண்ணீர் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். கால்சியம் கடினத்தன்மை 400 பி.பி.எம்முக்கு மேல் போனால் மூன்றில் ஒரு பங்கை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதைத் தவிர வழியில்லை. ஐப்பசி, கார்த்திகையில் முதல் மழையை விட்டுவிட்டு மாடித் தண்ணீரை வடிகட்டிப் பிடித்தால் அதைவிட மென்மையான தண்ணீர் கிடையாது. குடிநீர்க் குழாயைக் குளத்துக்குத் திருப்புவது என் கணக்கில் நியாயமில்லை. அடைமழைக் காலத்தில் முழுக்க மட்டும் வடித்துவிடாதீர்கள். நிலத்தடி நீர் ஏறியிருந்தால் வெற்றுத் தொட்டியைக் கீழிருந்து தூக்கி விரிசல் விடச் செய்யும்.

இனி பிள்ளைகள். பேத்தியின் கண் சிவப்பதற்குக் குளோரின் கூடிப்போனதுதான் காரணம் என்று நினைப்பீர்கள். பல சமயம் தனிக் குளோரின் குறைந்துபோனதுதான் காரணம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான் கண்ணை எரிக்கும். மூக்கைத் துளைக்கும் அந்த 'குளோரின் வாடை'யும் அதனுடையதே. இறங்கும் முன் எல்லோரும் சோப்புப் போட்டுக் குளித்தால் பாதி குறையும். நல்ல தண்ணீரில் கழுவி, சில மணி நேரத்தில் சிவப்பு அடங்கினால் கவலையில்லை. காலையில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டாலோ, வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேரனின் காது மடலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். அப்போது வலி கூடினால் காதுக் குழாயில் தொற்று; ஈரத்தில் ஊறிய தோலில் சூடோமோனாஸ் என்ற கிருமி ஏறியிருக்கும். எண்ணெய் காய்ச்சி விடாதீர்கள், பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள். காது மருத்துவர் சுத்தம் செய்து சொட்டு மருந்து தருவார், ஒரு வாரம் போல விட வேண்டியிருக்கும். நான்கு நாளாகிவிட்டது, இன்றே போங்கள். வீட்டில் சர்க்கரை நோய் உள்ள பெரியவர் யாருக்காவது இதே வலி வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். அவர்களுக்கு அது எலும்பு வரை இறங்கும்.

பேதி ஆகும் பிள்ளையைக் குளத்துப் பக்கம் விடக் கூடாது, நின்ற பிறகும் இரண்டு வாரத்துக்கு. பேதிக் கிருமிகளில், 1 பி.பி.எம் குளோரின் ஈ.கோலையை ஒரு நிமிடத்துக்குள் கொல்லும், ஜியார்டியாவை முக்கால் மணி நேரத்தில். கிரிப்டோஸ்போரிடியம் அதே தண்ணீரில் பத்து நாள் தாக்குப் பிடிக்கும்.

2024இல் கேரளத்திலிருந்து மூளை தின்னும் அமீபா பற்றி வந்த செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். அது மிக அரிது. குளோரின் சரியாக நிற்கும் குளத்தில் வளராது. வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத தண்ணீர் மூக்கு வழியே உள்ளே ஏறினால்தான் ஆபத்து, குடித்தால் அல்ல. நீந்திய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்று வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காமல் ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். எந்தத் தண்ணீரில், என்றைக்கு நீந்தினான் என்பதை டாக்டர் கேட்கும் முன்பே நீங்கள் சொல்லிவிடுங்கள்.

பேரனைப் பொறுத்தவரை, குளம் நாளைக்கே தெளிந்தாலும் 7 முதல் 10 நாள் அவனுக்குக் கரைதான்.