மாணவர்கள் கட்டுரையை ஏஐயில் எழுதி வந்தால் ஆசிரியர் என்ன செய்யலாம்?

கிருஷ்ணகிரியில் பதினொன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர் ஒருவரின் கேள்வி இது. முதலில், 'இது ஏஐ எழுதியதா' என்று சொல்லும் கருவிகளை நம்பி யாரையும் நிற்க வைக்காதீர்கள். சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐயே 2023 ஜனவரியில் அப்படி ஒன்றை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் எடுத்துவிட்டது. அவர்களுடைய சோதனையிலேயே, மனிதர் எழுதிய ஆங்கிலத்தில் 9 சதவீதத்தை அது ஏஐ என்று சொன்னது. தப்பே செய்யாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய அநியாயம்!

தலைப்பை மாற்றிப் பாருங்கள். 'மாம்பழத்தின் சிறப்பு' என்றால் செயலி அரை நிமிடத்தில் கொட்டிவிடும். 'மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா காய்க்கு இந்த சீசனில் என்ன விலை கிடைத்தது? தோப்புக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுது' என்றால், அவன் யாரிடமாவது போய்ப் பேசித்தான் ஆக வேண்டும். கேட்டு வந்த கிறுக்கல் குறிப்பையும் சேர்த்து வாங்குங்கள், அதற்கும் மதிப்பெண் போடுங்கள். முதல் பத்தியை வகுப்பிலேயே கையால் எழுதட்டும்.

அப்புறமும் சந்தேகமா? தனியாகக் கூப்பிட்டு, 'இந்தப் பத்தியை உன் பாஷையில் சொல்லுப்பா' என்று கேளுங்கள். எழுதியவன் தடுமாறினாலும் சொல்லிவிடுவான்.

முழுத் தடை மட்டும் வேண்டாம், வீட்டில் போன் இருக்கும்வரை அது நடக்காது. எழுத்துப்பிழை பார்க்க அனுமதித்து, எதற்குப் பயன்படுத்தினான் என்று கடைசியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.