விதை நட்டால் அதே மரம் வருமா? செம்பனை, சோளம், டுரியான் கேள்விகளுக்குப் பதில்

நான் கோலசிலாங்கூர் பக்கம் நாற்றுப் பண்ணையில் இருப்பவன். இனம், விதை, ஒட்டு பற்றிக் கேளுங்கள்.

தெலுக் இந்தான் அக்கா: நன்றாகக் காய்த்த செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்தடியில் உதிர்ந்த கொட்டைகளை நட்டேன். சில மரத்தில் ஓடு தடிமன், சிலதில் குலையே முற்றாமல் அழுகுது. ஏன்?

அக்கா, உங்கள் தாய்மரம் டெனெரா வகைச் செம்பனையாக இருக்கும். டூரா வகைத் தாய்க்கும் பிசிபெரா வகைத் தகப்பனுக்கும் பிறந்த கலப்பு அது. ஓட்டைத் தீர்மானிப்பது ஒரே மரபணு (2013இல் மலேசிய ஆய்வாளர்கள் அதை அடையாளம் கண்டார்கள்). டூராவிடம் தடித்த ஓட்டுப் பிரதி இரண்டு, பிசிபெராவிடம் ஓடில்லாப் பிரதி இரண்டு, டெனெராவிடம் ஒவ்வொன்று. அதனால்தான் அதற்கு ஓடு மெலிசு, சதை அதிகம். சுற்றிலும் டெனெராவே நிற்கிற தோட்டத்தில் உதிர்ந்த கொட்டை என்றால் நாலில் ஒன்று டூரா, இரண்டு டெனெரா, ஒன்று பிசிபெரா என்றுதான் பிரியும். பிசிபெராவில் பெரும்பாலும் குலை முற்றாது, நீங்கள் பார்த்த அழுகல் அதுதான். பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள், கொட்டையைச் சுற்றிக் கறுப்பு நார் வளையம் இருந்தால் டெனெரா. உதிர்ந்த கொட்டையை நடவே நடாதீர்கள், லைசென்ஸ் உள்ள நர்சரியில் கன்று வாங்குங்கள்.

பந்திங் தம்பி: பக்கத்தில் டூரா நின்றால் என் மரத்துப் பழமும் ஓடு தடித்துவிடுமா?

ஆகாது தம்பி. ஓடும் சதையும் தாய்மரத்தின் உடம்பு. மகரந்தம் யாருடையது என்பது உள்ளே இருக்கும் கருவில்தான் சேரும், அதை முளைக்கப் போட்டால்தான் தெரியும்.

ஈப்போ அண்ணன்: சும்மா சொல்லாதீங்க. சோளத்தில் அதே கதிரிலேயே மணி மாறுதே?

சோளத்தில் மாறும் அண்ணே. அங்கே நாம் தின்பது விதைக்குள் இருக்கும் மாவுச்சதை, அது தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் பிறந்தது. இனிப்புச் சோளத்துக்குப் பக்கத்தில் தீவனச் சோளம் போட்டால் அதே கதிரில் இனிப்பில்லாத மணி நிற்கும். செம்பனை ஓடு அப்படி இல்லை.

அதே அண்ணன்: அப்போ செம்பனைப் பருப்பு?

பருப்பு கலப்புதான், அதை நான் மறுக்கவே இல்லையே! பந்திங் தம்பி ஓட்டைப் பற்றிக் கேட்டார், ஓட்டைப் பற்றிச் சொன்னேன்.

காஜாங் தங்கச்சி: பப்பாளி விதை போட்டேன், பாதி ஆண் மரம்.

ஆண் மரத்து மகரந்தம் விழுந்த பழம்மா அது. இருபால் பூ மரத்தை அதன் மகரந்தத்தாலேயே காய்க்க வைத்து விதை எடுங்கள், ஆண் வராது. மூன்றில் இரண்டு இருபால், ஒன்று பெண்.

மூன்று பேர்: முசாங் கிங் டுரியான் கொட்டையை நட்டால் முசாங் கிங் வருமா?

வராது. ஒட்டுக் கன்று, லைசென்ஸ் நர்சரி.

இன்னொருவர்: டி24 டுரியான் கொட்டை?

மேலே பாருங்க சார்.

ஈப்போ அண்ணன்: பருப்பு மாறும்னா எண்ணெயும் மாறும்தானே?

பருப்பெண்ணெய் பற்றியா, சதையெண்ணெய் பற்றியா கேட்கிறீங்க? முதலில் அதைச் சொல்லுங்க.