வெளிநாட்டில் வேலை, இங்கே வரிப் பிடித்தம்: ரீஃபண்ட் வாங்குவது எப்படி?

வெளிநாடுவாழ் வாசகர்களின் வருமான வரிக் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணக்குகள் 2025-26 நிதியாண்டுக்கு, அதாவது 2026-27 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் என்.ஆர்.ஓ. (இந்திய வருமானத்தை வைக்க வெளிநாடுவாழ் இந்தியருக்கு உள்ள கணக்கு) டெபாசிட் வட்டி ரூ.3,60,000 மட்டுமே வருமானம். அதில் ரூ.1,12,320-ஐ வங்கி பிடித்துவிட்டது. 12 லட்சம் வரை வரியே இல்லை என்கிறார்களே, பிறகு ஏன் பிடித்தார்கள்? பணம் திரும்பக் கிடைக்குமா?

முழுதாகக் கிடைக்கும். ஆனால் அந்த 12 லட்சத்தை நம்ப வேண்டாம். அது 87ஏ பிரிவின் தள்ளுபடி. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும் உரியது. உங்களுக்குக் கைகொடுப்பது புதிய வரி முறையின் 4 லட்ச ரூபாய் அடிப்படை விலக்கு. பழைய முறைக்குப் போனால் விலக்கு இரண்டரை லட்சம்தான். செஸ் (வரித் தொகையின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து ரூ.5,720 வரி வரும். ஆகவே புதிய முறையிலேயே இருங்கள்.

வங்கியைக் குறை சொல்ல முடியாது. என்.ஆர்.ஓ. வட்டிக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் பிடித்தாக வேண்டும். ‘என் வருமானத்துக்கு வரி இல்லை’ என்று அறிவிக்கும் 15ஜி படிவம் கொடுத்துப் பிடித்தத்தைத் தவிர்க்கும் வழியும் வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கிடையாது.

வருமான வரி இணையதளத்தில் முதலில் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து, வங்கி பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஐடிஆர்-2 படிவம். பலர் பழக்கதோஷத்தில் ஐடிஆர்-1 போடுகிறார்கள். அது இந்தியாவில் வசிப்பவர்களுக்கான படிவம். வசிப்பிட நிலையில் ‘நான் ரெசிடென்ட்’ என்று குறித்தால், வசிக்கும் நாட்டையும் அந்த நாட்டு வரி அடையாள எண்ணையும் கேட்கும். அங்கே உங்கள் ஃபின் எண்ணை (சிங்கப்பூர் அரசு வெளிநாட்டவருக்குத் தரும் அடையாள எண்) கொடுக்கலாம். என்.ஆர்.இ. (வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்துக்கான கணக்கு) டெபாசிட்டும் இருந்தால் அதன் வட்டிக்கு வரி இல்லை. விலக்கு பெற்ற வருமானப் பகுதியில் காட்டினால் போதும். சிங்கப்பூர் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை.

கடைசி நாள் ஜூலை 31. தாக்கல் செய்த 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யாவிட்டால் அந்தத் தாக்கல் செல்லாது. ஆதார் ஓடிபி வசதி இல்லாதவர்கள் நெட் பேங்கிங் வழியாக முடிக்கலாம். இல்லாவிட்டால் ஐடிஆர்-வி எனும் ஒப்புகைத் தாளில் கையெழுத்திட்டு, ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் பெங்களூரு சிபிசி அலுவலகத்துக்கு அனுப்பலாம். கடல் கடந்து வரும் தபாலை நம்பி இறங்குவது எங்களுக்கு உவப்பான யோசனை அல்ல.

இனிமேல், சிங்கப்பூர் வரித் துறையிடம் வசிப்பிடச் சான்றிதழ் வாங்கி ஆண்டுதோறும் வங்கியில் கொடுத்துவிடுங்கள். இரட்டை வரி ஒப்பந்தப்படி 15 சதவீதத்தோடு பிடித்தம் நின்றுவிடும்.

ரிட்டர்ன் பரிசீலனை முடிந்து ரீஃபண்ட் தீர்மானமாகிவிட்டது. ஆனால் ‘ரீஃபண்ட் ஃபெயில்டு’ என்று காட்டுகிறது. ஏன்?

பெரும்பாலும் கோளாறு வங்கிக் கணக்கில்தான் இருக்கும். வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக மாற்றியிருப்பீர்கள். அப்போது கணக்கு எண் மாறியிருக்கலாம். இணையதளத்திலோ பழைய எண்ணே இருக்கும். புரொஃபைலில் புதிய கணக்கைச் சேர்த்து, ‘வேலிடேட்டட்’ என்று வந்த பிறகு ‘ரீஃபண்ட் ரீ-இஷ்யூ’ கோரிக்கை அனுப்புங்கள். வங்கியில் ‘எஸ். குமார்’, பான் அட்டையில் ‘குமார் சுப்பிரமணியன்’ என்று பெயர் வேறுபட்டாலும் இதே கதிதான்.

இன்னொன்றையும் பாருங்கள். ஆதாருடன் இணைக்காததால் பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்ட் வராது. வெளிநாட்டில் வசிப்பவர் இணைக்க வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் அங்கே வசிப்பது துறையின் பதிவில் இருக்க வேண்டுமே! பாஸ்போர்ட் நகலோடு உங்கள் பான் எண்ணுக்குரிய மதிப்பீட்டு அதிகாரிக்கு எழுதி நிலையை மாற்றச் சொல்லுங்கள்.

30 லட்சத்துக்கு வாங்கி ஐந்து ஆண்டு வைத்திருந்த மனையை 48 லட்சத்துக்கு விற்றேன். வாங்கியவர் முழுத் தொகைக்கும் 13 சதவீதம் பிடித்துக்கொண்டார். லாபம் 18 லட்சம்தானே?

லாபத்துக்குத்தான் வரி. ஆனால் உங்கள் லாபம் எவ்வளவு என்று வாங்குபவர் தாமாகவே முடிவு செய்ய முடியாது. அதனால் முழு விலைக்கும் பிடித்துவிடுகிறார்கள். பிடித்தது ரூ.6,24,000. 18 லட்சத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து ரூ.2,34,000. மீதி ரூ.3,90,000 ரீஃபண்ட். அடிப்படை விலக்கை இந்த லாபத்தில் கழிக்க வெளிநாட்டில் வசிப்பவருக்கு அனுமதி இல்லை. பணவீக்கச் சரிக்கட்டலும் கிடையாது.

வாங்கியவர் பிடித்த வரியைக் கட்டி, அந்தப் பிடித்தத்தைத் துறைக்குத் தெரிவிக்கும் 27கியூ அறிக்கையும் தாக்கல் செய்தால்தான் அது உங்கள் 26ஏஎஸ்-இல் ஏறும். பத்திரம் பதிந்த பிறகு பலர் இதில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். வரி பிடித்ததற்கான 16ஏ சான்றிதழ் கைக்கு வரும்வரை விடாதீர்கள். அடுத்த முறை விற்பதற்கு முன்பே குறைந்த விகிதப் பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டால், பணம் இப்படி முடங்காது.

மூன்று ஆண்டுக்கு முந்தைய பிடித்தம் ஒன்று கேட்காமலே போய்விட்டது. இப்போது கேட்கலாமா?

கெடு முடிந்த பிறகு தாக்கல் செய்யும் ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ வழியாக ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி 119(2)(பி) பிரிவில் விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். தாமதத்துக்கு நியாயமான காரணமும் அதற்கான ஆவணமும் தேவை. ‘தெரியாமல் விட்டுவிட்டேன்’ என்ற ஒற்றை வரி எடுபடுவது கஷ்டம்.