காய்ச்சலுக்கு லீவு எடுத்தால் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

வேலை, சம்பளம், சட்டம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மருத்துவ விடுப்பு தொடர்பானவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. டைஃபாய்டு வந்து எட்டு நாள் வேலைக்குப் போக முடியவில்லை. “ஒரு வருஷம் முடியாமல் லீவே கிடையாது” என்று சொல்லி எட்டு நாள் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். இது சரியா?
- விற்பனைப் பெண், தியாகராய நகர்

பதில்: சரியில்லை. உங்கள் கடைக்குப் பொருந்துவது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன் 25-வது பிரிவு மூன்று வகை விடுப்புகளைத் தருகிறது. மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு. முதலாவது ஆண்டு விடுப்பு. 12 மாதம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகு 12 நாள் கிடைக்கும். எடுக்காவிட்டால் 24 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். இரண்டாவது, நோய்க்கோ விபத்துக்கோ சம்பளத்துடன் 12 நாள் வரை. மூன்றாவது, நியாயமான எந்தக் காரணத்துக்கும் தற்செயல் விடுப்பு 12 நாள் வரை.

ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது முதல் வகைக்கு மட்டும்தான். மற்ற இரண்டும் “முதல் 12 மாதத்திலும், அதற்கடுத்த ஒவ்வொரு 12 மாதத்திலும்” உண்டு என்று சட்டமே சொல்கிறது. முதலாளிகள் பெரும்பாலும் முதல் உட்பிரிவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தவறு அங்கேதான் நடக்கிறது. உங்களுக்கு இன்னும் நான்கு நாள் மருத்துவ விடுப்பு மிச்சம் இருக்கிறது; தற்செயல் விடுப்பிலிருந்து ஒரு நாளைக்கூட இதற்குக் கழிக்கக் கூடாது. ஒன்றைக் கவனியுங்கள்: 24 நாள் வரை சேர்க்கும் வசதி ஆண்டு விடுப்புக்கு மட்டுமே. எடுக்காத மருத்துவ விடுப்பை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகச் சட்டம் வழி தரவில்லை.

இனி தொகை. விடுப்பு நாளுக்கான சம்பளம் என்பது முந்தைய மூன்று மாதங்களில் நீங்கள் உண்மையில் வேலை பார்த்த நாட்களின் சராசரிக் கூலி. ஓவர்டைம் சேராது. மூன்று மாதத்தில் 76 நாள் வேலை பார்த்து 38,000 ரூபாய் வாங்கியிருந்தால் நாளுக்கு 500. எட்டு நாளுக்கு 4,000 ரூபாய் வர வேண்டும்.

கேட்கும்போது வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன நோய், 25-வது பிரிவின்படி சம்பளத்துடன் விடுப்பு கோருகிறேன் என்று அரைப் பக்கம் எழுதினால் போதும். மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். சான்றில் “டைஃபாய்டு” என்று மட்டும் இருந்தால் பயனில்லை. இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை ஓய்வு தேவை என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அப்போதும் பணம் வராவிட்டால் உங்கள் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கடிதம், சான்று, சம்பளச் சீட்டு, வேலையில் சேர்ந்த தேதிக்கு ஏதாவது ஒரு ஆதாரம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நியமனக் கடிதம் இல்லாதவர்களுக்கு வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய பதிவே நல்ல ஆதாரம்.

கேள்வி: எனக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். “இஎஸ்ஐ இருக்கிறதே, சிக் லீவ் எதற்கு?” என்கிறார் கணக்காளர். இஎஸ்ஐயில் கேட்டால் பணம் வராது என்கிறார்கள். நான் எங்கே போவது?
- சூப்பர்மார்க்கெட் ஊழியர், மதுரை

பதில்: இந்தக் குழப்பத்தில் மாட்டிப் பணத்தை இழப்பவர்கள் நிறையப் பேர். முதலில் இஎஸ்ஐ கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். சம்பளம் 16,000 என்றால் உங்களிடம் பிடிக்க வேண்டியது 120 ரூபாய். அதற்கு மேல் பிடித்திருந்தால் முதலாளியின் பங்கும் உங்கள் தலையில் விழுகிறது என்று பொருள்; உடனே கேளுங்கள்.

நோய்க்கால உதவித்தொகை சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பங்களிப்பு இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. இந்த இடைவெளியால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் சிகிச்சை கிடைக்கும், உதவித்தொகை கிடைக்காது. “பணம் வராது” என்று உங்களிடம் சொன்னதற்கு இது காரணமாக இருக்கலாம். அப்படியானால் சட்டப்படி உங்களுக்கு இருக்கும் வழி கடைகள் சட்டத்தின் 25-வது பிரிவு தரும் 12 நாள்தான். இஎஸ்ஐ உதவித்தொகை கிடைக்காத நாளுக்கு இஎஸ்ஐயைக் காரணம் காட்டி விடுப்பை மறுப்பதில் நியாயமே இல்லை. கணக்காளரிடம் இதை எழுத்தில் கேளுங்கள்.

உதவித்தொகைக்குத் தகுதி வந்த பிறகும் ஒவ்வொரு முறை நோய்வாய்ப்படும்போதும் முதல் இரண்டு நாள் காத்திருப்பு நாள்; அவற்றுக்குப் பணம் இல்லை. முந்தைய நோய் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது. நாள் ஊதியம் 600 ரூபாய், பத்து நாள் ஓய்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். இஎஸ்ஐ எட்டு நாளுக்கு 420 வீதம் 3,360 தரும். விட்டுப்போன இரண்டு நாளையும் மருத்துவ விடுப்பாகக் கேட்டால் கடையிலிருந்து 1,200. ஒரே நாளுக்குச் சம்பளம், உதவித்தொகை இரண்டையும் வாங்கக் கூடாது. பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

பணம் நின்றுபோவதற்கு இன்னொரு பெரிய காரணம் சான்று. தனியார் கிளினிக்கில் ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பிறகு இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போனால் அந்த ஒரு வாரத்துக்குச் சான்று வாங்குவது பெரும்பாடு. காய்ச்சல் வந்த முதல் நாளே மருந்தகத்தில் பதிவு செய்துவிடுங்கள். தனியாரிடம் போக வேண்டியிருந்தாலும் அதற்குப் பிறகு போகலாம்.

கேள்வி: நான் காஞ்சிபுரம் அருகே தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எனக்கும் 12 நாள் உண்டா?

பதில்: இல்லை. கடைகள் சட்டம் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு 20 வேலை நாளுக்கு ஒரு நாள் வீதம் ஆண்டு விடுப்பு உண்டு. நோய்க்கென்று தனி விடுப்பைச் சட்டம் தரவில்லை. உங்கள் ஆலையின் நிலையாணைகளிலும் (வேலை விதிகள்) தொழிற்சங்க ஒப்பந்தத்திலும் மருத்துவ விடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 29 மத்தியச் சட்டங்களுக்குப் பதிலாக வந்தவை. தமிழ்நாட்டின் கடைகள் சட்டத்தை அவை நீக்கவில்லை.

கேள்வி: ஐடி நிறுவனத்தில் என் பதவிப் பெயர் ‘மேனேஜர்’. மேலாளர்களுக்குக் கடைகள் சட்டம் பொருந்தாது என்கிறது மனிதவளத் துறை.

பதில்: நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குச் சட்டம் விலக்கு தருவது உண்மைதான். ஆனால் பார்க்க வேண்டியது நீங்கள் செய்யும் வேலையை, பெயர்ப்பலகையை அல்ல. யாரையும் நியமிக்கவோ விடுப்பு அனுமதிக்கவோ அதிகாரம் இல்லாமல் நாள் முழுக்க நீங்களே கோட் எழுதிக்கொண்டிருந்தால் வாதிட இடமிருக்கிறது. சட்டம் ஒருவருக்குப் பொருந்துமா என்ற கேள்வியை 51-வது பிரிவின்படி தொழிலாளர் ஆணையர்தான் தீர்மானிக்க வேண்டும். மனிதவளத் துறை அல்ல.

கேள்வி: அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தபோதே “இனி வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருஷ வேலை.
- கடைக் காசாளர், திருச்சி

பதில்: நாட்களை வீணாக்காதீர்கள். ஆறு மாதமாவது தொடர்ந்து வேலை பார்த்தவரை, கடைகள் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்க உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனு செய்யுங்கள். நோயில் இருக்கும்போது நீக்கப்பட்டதால், மிச்சமிருக்கும் மருத்துவ விடுப்பு நாட்களுக்கான சம்பளத்தையும், எடுக்காத ஆண்டு விடுப்புக்கான சம்பளத்தையும் அவர்கள் கொடுத்தாக வேண்டும்.

வாயால் மட்டும் சொன்னார்கள் என்றால், “இன்ன தேதியில் வர வேண்டாம் என்றீர்கள், நான் சிகிச்சையில் இருக்கிறேன், குணமானதும் வேலைக்கு வரத் தயார்” என்று உடனே ஸ்பீட் போஸ்டில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் “அவராகவே நின்றுவிட்டார்” என்று பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். கணக்கு முடிக்கக் கூப்பிட்டு நீட்டும் தாளில் ‘ராஜினாமா’ என்ற சொல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.