பனியாற்று நுண்ணுயிர்கள்: கேள்வி பதில்

தாம்பரம் மாணவி: மேடம், அவ்வளவு உயரத்துப் பனிக்குள் நுண்ணுயிர்கள் எப்படிப் போகின்றன?

காற்றில்தாம்மா. புழுதியோடும் மகரந்தத்தோடும் வந்து பனியோடு இறங்கும். மேலே புதுப் பனி விழ விழ, அடியில் இருப்பது அழுந்திக் கட்டியாகிவிடும். அந்தந்தக் காலத்தில் வந்தது அந்தந்த அடுக்கில் தங்கும்.

வேளச்சேரி வாசகர்: பழைய பனியைத் துளையிட்டு உருளையாக எடுக்கும்போது இன்றைய பாக்டீரியா அதில் ஒட்டாதா?

கட்டாயம் ஒட்டும். இந்தத் துறையின் பெரிய தலைவலியே அதுதான். கடலின் மேற்பரப்பு நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு லட்சக்கணக்கில் பாக்டீரியா இருக்கும். பழைய பனியில் பெரும்பாலும் நூறு முதல் பத்தாயிரம்தான். கையுறையிலிருந்து கொஞ்சம் ஒட்டினாலே முடிவு தலைகீழாகிவிடும்.

திபெத்தின் குலியா பனியாற்றில் எடுத்த பனி உருளைகளைக் குளிரறையில் வைத்து, வெளிப்புறத்தில் அரை சென்டிமீட்டரை ரம்பத்தால் சீவினார்கள். அடுத்த அரை சென்டிமீட்டரை எத்தனால் ஊற்றிக் கரைத்தார்கள். பிறகு கிருமி நீக்கிய நீரால் இன்னொரு அரை. மிஞ்சிய நடுப்பகுதியை மட்டும் உருக்கி, 0.22 மைக்ரான் வடிகட்டியில் விட்டால் பாக்டீரியா தங்கும், வைரஸ் நீரோடு கீழே இறங்கும்.

கழுவியது போதுமா என்று பார்க்க, சுத்தமான நீரில் செயற்கை உருளை ஒன்றை உறையவைத்து, அதன் மேல் தெரிந்த பாக்டீரியாவைப் பூசி, இதே முறையில் கழுவ வேண்டும். பூசியது உள்ளே தென்பட்டால் முறை தவறு. விரிசல் உள்ள துண்டைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். துளையிடும் திரவம் அதன் வழியே நடுவரை போயிருக்கும்.

மயிலாப்பூர் ஆசிரியர்: இந்த நுண்ணுயிர்களை வைத்து அன்றைய வெப்பநிலையைச் சொல்ல முடியுமா?

நேரடியாக முடியாது, சார். வெப்பநிலைக்குப் பனியில் உள்ள ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை) விகிதம், கார்பன் டை ஆக்சைடுக்குப் பனிக்குள் இருக்கும் காற்றுக் குமிழி. நுண்ணுயிர் கூடுதல் சாட்சி: புழுதி எவ்வளவு வந்தது, எந்த வகைகள் தாக்குப்பிடித்தன என்பதைச் சொல்லும். 2024இல் வெளியான குலியா ஆய்வு, 41,000 ஆண்டுகளில் ஒன்பது காலகட்டங்களிலிருந்து 1,705 வைரஸ் மரபணுத் தொகுதிகளைத் தந்தது. குளிர்காலகட்டமும் வெப்பக்காலகட்டமும் வெவ்வேறு கூட்டங்களைக் காட்டின. 11,500 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடிந்து பூமி சூடேறிய நேரத்துக் கூட்டம் தனித்து நின்றது. மதிப்புமிக்க தடயம்தான். ஆனால் ஒன்பதே புள்ளிகளை வைத்துக் காரணத்தை அடித்துச் சொல்லக் கூடாது. கோடையில் உருகிய நீர் கீழடுக்குக்குக் கசிந்திருந்தால் காலங்களே கலந்துவிடும். அதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

அடையாறு ஆய்வு மாணவர்: மாதிரி வந்தால் சாதாரண ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் அவ்வப்போது சூடேறும். உருகி மறுபடி உறைந்தால் செல்கள் வெடித்துவிடும். மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே, ஜெனரேட்டர் இணைப்போடு, வெப்பநிலையைத் தொடர்ந்து பதியும் கருவியும் வைத்துப் பாதுகாக்க வேண்டும். வளர்க்கப் போகிறீர்கள் என்றால் 4 முதல் 10 டிகிரியில் வாரக்கணக்கில் விடுங்கள். நம் ஊர் அறை வெப்பத்தில் குளிர்விரும்பிகள் பல வளரவே வளராது. அறையிலிருந்து விழுந்தவைதான் வளர்ப்புத் தட்டை நிறைக்கும்.